சம்பளம், பென்ஷன், பங்கு: பெரிய சட்ட நிறுவனத்தை விட்டுக் கிளம்பும் ‘பெனிஃபிட்ஸ்’ வழக்கறிஞருக்கு என்ன வழி?

அமெரிக்காவின் பெரிய சட்ட நிறுவனங்களில் ‘காம்ப் அண்ட் பெனிஃபிட்ஸ்’ என்றொரு சின்னப் பிரிவு இருக்கும். ஊழியர்களின் ஊதியம், பங்கு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் சட்டத்தைப் பார்ப்பவர்கள் இவர்கள். ஐந்தாறு ஆண்டு உழைத்த பிறகு இவர்களில் பலர் வெளியேற நினைக்கிறார்கள். அப்போது காதில் விழுவது நேரெதிரான இரண்டு பேச்சு. ‘உன் துறை ரொம்பக் குறுகியது, வெளியே இடமே கிடையாது’ என்பது ஒன்று. ‘ஆள் கிடைக்காத துறை, எங்கே போனாலும் எடுத்துக்கொள்வார்கள்’ என்பது இன்னொன்று. இரண்டும் பாதி உண்மைதான். எந்தப் பாதி தனக்குப் பொருந்தும் என்பது அந்த வழக்கறிஞர் இத்தனை நாள் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் வேலையைப் பார்த்துவிட்டு வழிகளுக்கு வரலாம்.

இந்தத் துறை எப்படி வந்தது?

1963 டிசம்பரில் ஸ்டூடிபேக்கர் கார் நிறுவனம் இந்தியானா மாநிலம் சவுத் பெண்டில் இருந்த ஆலையை மூடுவதாக அறிவித்தது. ஓய்வூதிய நிதியில் போதுமான பணம் இல்லை. சுமார் 4,000 தொழிலாளர்களுக்கு வாக்குக் கொடுத்த தொகையில் 15 சதவீதம் அளவே கிடைத்தது. அவர்களைவிட இளையவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அந்த அடி ஆறவில்லை. 1974 செப்டம்பர் 2 அன்று ‘எரிசா’ என்ற ஊழியர் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இத்துறையின் வழக்கறிஞர்களை இன்றும் ‘எரிசா லாயர்’ என்று கூப்பிடுவது அதனால்தான்.

அதோடு நிற்கவில்லை. நிறுவனம் கைமாறும்போது மேலதிகாரிகள் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க 1984-ல் வரிச் சட்டத்தில் 280ஜி என்ற பிரிவு வந்தது. பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட மேலதிகாரி ஊதியத்துக்கு நிறுவனம் வரிக்கழிவு கேட்க முடியாதபடி 1993-ல் 162(எம்) வந்தது. என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் சரிந்த பிறகு, பின்னால் தருவதாக ஒத்திவைக்கும் ஊதியத்தைக் கட்டுப்படுத்த 2004-ல் 409ஏ வந்தது. 2010-ல் மேலதிகாரி ஊதியத்தின் மேல் பங்குதாரர்கள் வாக்களிக்கும் முறையும், மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தமும் சேர்ந்துகொண்டன. 2019-லும் 2022-லும் ஓய்வூதியச் சேமிப்பு விதிகள் மறுபடி மாறின. ஒவ்வொரு சட்டமும் பழையதன் மேல் ஏறி உட்கார்ந்ததே தவிர, எதுவும் இறங்கவில்லை. புதிதாக வருபவர் இதைப் படித்துத் தேறச் சில ஆண்டுகள் ஆகும். இந்த வழக்கறிஞரின் சந்தை மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் உதாரணம் ஃப்ரெஷ்வொர்க்ஸ். சென்னையில் தொடங்கிய அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானபோது, இந்தியாவில் இருந்த அதன் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனார்கள். ஊழியருக்குப் பங்கு கொடுக்கிறோம் என்று சொல்வது ஒரு வரிதான். எந்த நிபந்தனையில், எத்தனை ஆண்டில், பாதியில் வேலையை விட்டால் என்ன ஆகும், வரி எந்த நாளில் விழும் என்று எழுதிவைப்பது பல பக்க வேலை. அமெரிக்கச் சட்டப்படி அதை எழுதுபவர்கள்தான் இவர்கள்.

ஒரே பெயர்ப்பலகை, மூன்று வேலை

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே துறை. உள்ளே மூன்று இருக்கிறது.

1. மேலதிகாரி ஊதியம். தலைமைச் செயல் அதிகாரியின் ஒப்பந்தம், பங்குத் திட்டம், ஆண்டுதோறும் பங்குதாரருக்கு அனுப்பும் ஊதிய விளக்கம், நிறுவனம் கைமாறும்போது வரும் 280ஜி கணக்கு எல்லாம் இதில் அடக்கம். வரிச் சட்டமும் பங்குச் சந்தைச் சட்டமும் கலந்த வேலை.

2. திட்டப் பணி. 401(கே) எனப்படும் ஊழியர் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு, பழைய பாணி ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் ஆவணங்களை எழுதுவது, சட்டம் மாறும்போது திருத்துவது, தவறு நடந்தால் வருமான வரித் துறையின் திருத்தத் திட்டத்தின் வழியாகச் சரிசெய்வது.

3. நம்பகப் பொறுப்பு. பிறர் பணத்தை அவர்கள் நன்மைக்காகவே கையாள வேண்டும் என்ற கடமைக்கு அந்தப் பெயர். ஓய்வூதிய நிதி எங்கே முதலீடு செய்யலாம், யாருக்குக் கட்டணம் கொடுக்கலாம் என்பதெல்லாம் இதில் வரும். தனியார் முதலீட்டு நிதி ஒன்றின் எந்தப் பங்கு வகையிலாவது ஓய்வூதியத் திட்டங்களின் பணம் 25 சதவீதத்தைத் தொட்டால், விலக்கு ஏதும் இல்லாத பட்சத்தில், அந்த நிதியே எரிசாவுக்குள் வந்துவிடும். அந்தக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள் உண்டு.

ஒருவர் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டிருப்பார். ஆனால் எடை ஒரு பக்கம்தான் சாய்ந்திருக்கும். அது எந்தப் பக்கம் என்று நினைவிலிருந்து சொல்லக் கூடாது. கடைசி இரண்டு ஆண்டின் நேரப் பதிவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்று எழுதிப் பார்க்க வேண்டும். ‘நான் பெனிஃபிட்ஸ் வழக்கறிஞர்’ என்று நம்பிக்கொண்டிருப்பவர், தன் நேரத்தில் பெரும்பகுதி நிறுவனக் கைமாற்ற ஒப்பந்தங்களுக்கே போயிருக்கிறது என்று அப்போதுதான் கண்டுபிடிப்பார்.

ஒரு டாலர் வித்தியாசம்

இந்த அறிவு எவ்வளவு நுட்பமானது என்று தெரிய 280ஜி கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மேலதிகாரியின் கடந்த ஐந்து ஆண்டுச் சராசரி ஊதியம் 4,00,000 டாலர். நிறுவனம் விற்கப்படுகிறது. அதையொட்டி அவருக்குச் சேரும் தொகை சராசரியின் மூன்று மடங்கை, அதாவது 12,00,000 டாலரைத் தொட்டால் விதி பாயும். பாய்ந்தால் மூன்று மடங்குக்கு மேற்பட்டதற்கு மட்டும் வரி என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஒரு மடங்குக்கு மேற்பட்ட முழுத் தொகைக்கும், அதாவது 8,00,000 டாலருக்கு, 20 சதவீதத் தண்ட வரி. வழக்கமான வருமான வரி போக, கூடுதலாக 1,60,000 டாலர் அவர் கையிலிருந்து போகும். அந்த 8 லட்சத்துக்கு நிறுவனத்துக்கும் வரிக்கழிவு கிடையாது. அதுவே 11,99,999 டாலராக இருந்தால் தண்டம் சுத்தமாக இல்லை.

பட்டியலாகாத நிறுவனமாக இருந்தால் தப்பிக்க ஒரு வழி உண்டு. மேலதிகாரி தனக்கு வர வேண்டிய அதிகப்படித் தொகையை முதலில் எழுத்து மூலம் விட்டுக்கொடுக்க வேண்டும். அப்புறம் 75 சதவீதத்துக்கு மேற்பட்ட பங்குதாரர் வாக்கு அதைத் திரும்பத் தர ஒப்புக்கொள்ள வேண்டும். வரிசை மாறினால் செல்லாது. விற்பனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதை நடத்திக் காட்டத் தெரிந்தவருக்கு வெளியே வேலை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு ஏன் கிளம்புகிறார்கள்?

சம்பளம் குறைவு என்று யாரும் கிளம்புவதில்லை. 2023 நவம்பரில் நிர்ணயமான அளவின்படி, பெரிய நிறுவனங்களில் முதலாண்டு அசோசியேட்டுக்கு (இன்னும் பார்ட்னர் ஆகாத வழக்கறிஞருக்கு) 2,25,000 டாலர், எட்டாம் ஆண்டில் 4,35,000 டாலர். போனஸ் தனி.

சிக்கல் அமைப்பில் இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் வாடிக்கையாளர் யாருடையவர் என்பதே பார்ட்னர் ஆவதைத் தீர்மானிக்கிறது. வாங்கல்-விற்றல் பேசும் கார்ப்பரேட் பார்ட்னரின் வாடிக்கையாளர் அவர். பெனிஃபிட்ஸ் வழக்கறிஞர் அந்த ஒப்பந்தத்தில் ஊழியர் பற்றிய சில பக்கங்களைப் பார்க்க அழைக்கப்படுபவர். வரைவு மாலை ஆறு மணிக்கு வரும். காலைக்குள் வேண்டும் என்பார்கள். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு ஒப்பந்தம் இப்படி ஓடும். எதன் நேர அட்டவணையும் அவர் கையில் இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் கறிவேப்பிலை மாதிரி ஓரமாக வைக்கப்படுகிறோம் என்ற வருத்தம் இத்துறையில் பழையது. சொந்த வாடிக்கையாளர் இல்லாததால் பங்குரிமை உள்ள பார்ட்னர் இடம் எட்டாமலே போய், ‘கவுன்சல்’ என்ற பதவியில் நின்றுவிடுபவர்கள் நிறைய.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கும் நிறுவனத்திடம் 401(கே) ஆவணத் திருத்தத்தைக் கொடுக்க வாடிக்கையாளர்கள் தயங்குகிறார்கள். அதனால் இரண்டாம் வகை வேலை பெரிய நிறுவனங்களிலிருந்து மெல்ல வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அதை விரும்பிச் செய்பவரும் அதன் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நிறுவனத்துக்குள் போவது

பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ‘இன்-ஹவுஸ்’ என்பார்கள்: ஒரு கம்பெனியின் சட்டத் துறையில் சம்பளத்துக்குச் சேர்வது. இங்கே ஒரு ஆண்டு எப்படி ஓடும் என்று பார்த்தால் வேலையின் குணம் புரியும். ஜனவரி, பிப்ரவரியில் போனஸும் புதிய பங்கு ஒதுக்கீடும். மார்ச், ஏப்ரலில் பங்குதாரருக்கான ஊதிய அறிக்கை. மே மாதத்தை ஒட்டிப் பொதுக்கூட்டம். நாட்காட்டி ஆண்டுத் திட்டங்களுக்கு ஜூலை 31-க்குள் ஆண்டறிக்கையான படிவம் 5500. இலையுதிர் காலத்தில் ஊழியர்கள் மருத்துவக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் பருவம். டிசம்பரில் திட்டத் திருத்தங்கள். நடுவில், இயக்குநரோ மேலதிகாரியோ பங்கு வாங்கினால் விற்றால் இரண்டு வேலை நாளுக்குள் அதை அறிவிக்கும் படிவம் 4.

இந்த ஒழுங்குதான் இதன் பெரிய வரம். எந்த மாதம் எரியும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் குழந்தையின் பள்ளி நாடகத்துக்குப் போகலாம்.

ஆனால் சேர்வதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயங்கள் சில. இதற்கென்று முழுநேர வழக்கறிஞர் வைத்துக்கொள்வது ஆயிரக்கணக்கில் ஊழியர் உள்ள கம்பெனிகள்தான். மற்ற இடங்களில் இதோடு தொழிலாளர் சட்டத்தையோ கம்பெனி செயலர் வேலையையோ சேர்த்துக் கேட்பார்கள். அடுத்து, பெரும்பாலும் ஒரே நாற்காலி. மேலே இருப்பவர் தலைமைச் சட்ட அதிகாரி; அவர் இந்தத் துறைக்காரராக இருப்பது அபூர்வம். உயர வேண்டுமானால் துறையை அகலப்படுத்த வேண்டும், அல்லது சட்டத்தை விட்டு மனிதவளப் பக்கம் ‘டோட்டல் ரிவார்ட்ஸ்’ எனப்படும் ஊதியத் துறைத் தலைவராகப் போக வேண்டும். கம்பெனியே விற்கப்பட்டால், வாங்கிய கம்பெனியில் ஏற்கெனவே அந்த நாற்காலியில் ஒருவர் இருப்பார்.

வேலையின் பாணியும் மாறும். வெளியே இருக்கும்போது 12 பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினால் கடமை முடிந்தது. உள்ளே, சம்பளப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்பார்: ‘இவருக்கு இந்த வெள்ளிக்கிழமை பணம் போடலாமா, கூடாதா?’ ஆம் அல்லது இல்லை என்று அந்த அழைப்பிலேயே சொல்ல வேண்டும். முதல் வகைக்காரரும் இரண்டாம் வகைக்காரரும் இந்த இடத்துக்கு ஏற்றவர்கள். கைமாற்ற ஒப்பந்தம் மட்டுமே பார்த்தவர், ஒரு திட்டத்தை அன்றாடம் நடத்திப் பார்த்ததில்லை என்பதை நேர்காணலில் எதிர்கொள்ள வேண்டி வரும்.

ஆலோசனை நிறுவனங்களும் கணக்குத் தணிக்கைப் பெருநிறுவனங்களும்

எஃப்.டபிள்யூ. குக், பேர்ல் மேயர், செம்லர் பிராஸி, மெரிடியன் போன்றவை இயக்குநர் குழுவின் ஊதியக் கமிட்டிக்கு ஆலோசனை சொல்பவை. மெர்சர், டபிள்யூடிடபிள்யூ, ஏயான் ஆகியவை இன்னும் அகலமானவை. கமிட்டி தன் ஆலோசகரின் சுதந்திரத்தை எடைபோட வேண்டும் என்று 2010-ன் டாட்-ஃப்ராங்க் நிதிச் சீர்திருத்தச் சட்டம் சொல்கிறது. இந்தப் பக்கம் வரும் வழக்கறிஞர் எக்ஸெலும் ஊதியத் தரவும் பழக வேண்டும். ‘சட்டப்படி இது சரியா’ என்ற கேள்வி இங்கே இரண்டாவது. ‘இதே அளவுள்ள கம்பெனிகள் எவ்வளவு கொடுக்கின்றன’ என்பதுதான் முதல் கேள்வி. எண்களில் ஆர்வம் இல்லாதவர் ஒரு வருடத்தில் சலித்துவிடுவார்.

டெலாய்ட், ஈஒய், கேபிஎம்ஜி, பிடபிள்யூசி நான்கிலும் ஊதிய வரிக் குழுக்கள் உண்டு. 280ஜி கணக்குகள் நிறைய இங்கேதான் போடப்படுகின்றன. ஒரு முக்கியமான வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. வழக்கறிஞர் அல்லாதவர்கள் உரிமையாளராக உள்ள நிறுவனம் சட்டத் தொழில் செய்வதை அமெரிக்காவில் அநேகமாக எல்லா மாநிலங்களும் தடுக்கின்றன. எனவே இங்கே சேர்பவர் வரி ஆலோசகர்; வழக்கறிஞராகச் செயல்படுவதில்லை. வழக்கறிஞர்-கட்சிக்காரர் இரகசியக் காப்பு முழுமையாகக் கிடைக்காது. விதியைத் தளர்த்திய மாநிலங்களில் அரிசோனா ஒன்று. 2025 பிப்ரவரியில் அங்கே கேபிஎம்ஜியின் சட்டப் பிரிவுக்கு அனுமதி கிடைத்தது. இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதை இத்துறையினர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தத் துறையே பிரதானமாக உள்ள சட்ட நிறுவனங்கள்

வாஷிங்டனில் உள்ள க்ரூம் லா க்ரூப் போன்றவை பெனிஃபிட்ஸ் சட்டத்தை மட்டுமே செய்பவை. பல நகரங்களில் நடுத்தர அளவு நிறுவனங்களும் இதை நன்றாகச் செய்கின்றன. மணிக் கட்டணம் குறைவு என்பதால் வாடிக்கையாளர் நேரடியாக வருவார். அவர் உங்கள் வாடிக்கையாளராகவே இருப்பார். சம்பளம் இறங்கும், பார்ட்னர் ஆகும் வாய்ப்பு ஏறும். திட்டப் பணியை நேசிப்பவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. பலர் இதை இறக்கம் என்று நினைத்து ஒதுக்குவது வருத்தம் தருகிறது.

எதிர்த்தரப்பும் இருக்கிறது. 401(கே) கட்டணம் அதிகம் என்று 2006-ல் வழக்கறிஞர் ஜெரோம் ஷ்லிக்டர் தொடங்கிய வழக்குகள் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டன. உச்ச நீதிமன்றத்தில் 2015-ல் டிபிள், 2022-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், 2025 ஏப்ரலில் கார்னெல் பல்கலைக்கழகம் ஆகிய வழக்குகளில் தீர்ப்புகள் ஊழியர்கள் பக்கம் வந்தன. இது நீதிமன்ற வேலை; ஆலோசனை மட்டும் சொல்லிப் பழகியவர் நேரடியாக மாறுவது கடினம். முன்னாள் வாடிக்கையாளருக்கு எதிராக அதே விவகாரத்தில் ஆஜராகக் கூடாது என்ற தொழில் ஒழுங்கு விதியும் கூடவே வரும்.

தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் சேர்ந்து நடத்தும் ஓய்வூதிய நிதிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனங்கள் இன்னொரு உலகம். அங்கே பெரிய நிறுவன முத்திரையைவிடத் தொழிலாளர் மீதுள்ள அக்கறைக்கு மதிப்பு அதிகம்.

அரசு

தொழிலாளர் துறையில் எரிசாவை அமல்படுத்தும் பிரிவான எப்சா, அத்துறையின் சட்டப் பிரிவு, ஓய்வூதியக் காப்பீட்டுக் கழகமான பிபிஜிசி, வருமான வரித் துறையின் தலைமைச் சட்ட அலுவலகம், கருவூலத்தின் பெனிஃபிட்ஸ் வரிப் பிரிவு: விதிகள் எழுதப்படும் இடங்கள் இவை. வழக்கமான மத்திய அரசு ஊதியப் படியில் உச்சவரம்பு 2 லட்சம் டாலருக்குச் சற்றுக் கீழே. கல்விக் கடன் உள்ளவருக்கு 120 மாதத் தவணை கட்டியபின் மீதி தள்ளுபடியாகும் திட்டம் ஒரு ஈடு. இங்கே சில ஆண்டு இருந்தவரைத் தனியார் நிறுவனங்கள் திரும்ப அழைத்துக்கொள்ளும், ஏனென்றால் விதி எப்படி எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனால் 2025 ஜனவரியில் வேலைக்கு எடுப்பது நிறுத்தப்பட்டு, பிறகு ஆட்குறைப்பும் நடந்ததால், நிரந்தர வேலை என்ற பழைய உறுதி இப்போது இல்லை.

அதிகம் பேசப்படாத இடங்கள்

ஃபிடெலிட்டி, வான்கார்ட், எம்பவர் போன்ற ஓய்வூதியக் கணக்குப் பராமரிப்பு நிறுவனங்களுக்கு எரிசா தெரிந்தவர் எப்போதும் தேவை. மூன்றாம் வகைக்காரருக்கு முதலீட்டு நிதி நிறுவனங்களும் ஏற்ற இடம். தாம்சன் ராய்ட்டர்ஸின் பிராக்டிகல் லா, ப்ளூம்பெர்க் லா போன்றவை வழக்கறிஞர்களை எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் எடுக்கின்றன. வாடிக்கையாளர் அழைப்பு இல்லை, நேரம் ஒழுங்கு. எழுத்து பிடித்தவருக்கு அருமையான வேலை. ஆனால் அதில் ஐந்தாறு ஆண்டு இருந்துவிட்டு மறுபடி தொழிலுக்குத் திரும்புவது சிரமம்.

எப்போது கிளம்புவது?

மூன்றாம் ஆண்டுக்கு முன் கிளம்பினால் கைத்தேர்ச்சி போதாது. இந்தச் சட்டங்கள் ஊற அவ்வளவு காலம் வேண்டும். நான்கிலிருந்து ஏழு ஆண்டு வரை கேட்பவர் அதிகம். அதற்கு மேல் போனால், ‘நம் சம்பளத்துக்கு இவர் இறங்கி வருவாரா’ என்று கம்பெனிகள் தயங்கும்.

கிளம்பும் வரிசையில் மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. போனஸ். ஆண்டு முடிவை ஒட்டித்தான் கைக்கு வரும். அன்றைக்குப் பணியில் இருப்பவருக்கே பொதுவாகக் கிடைக்கும்.

2. வழக்கறிஞர் உரிமம். வேறு மாநிலத்தில் இன்-ஹவுஸ் சேர்ந்தால் பல மாநிலங்கள் தனிப் பதிவு கேட்கும். உரிமம் தேவைப்படாத ஆலோசனை வேலைக்குப் போனாலும் அதைக் கைவிடாமல் புதுப்பித்துவருவது நல்லது.

3. விசா. இந்தியாவில் சட்டம் படித்து, அங்கே எல்எல்எம் முடித்து, எச்-1பியில் இருப்பவருக்கு முந்தைய இரண்டையும்விட இது பெரிது. வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான், அதற்குள் புதிய நிறுவனம் மனு போட்டாக வேண்டும். வழக்கறிஞர் பதவியிலிருந்து ஊதிய ஆலோசகர் பதவிக்கு மாறினால், அந்தப் பதவியும் சிறப்புக் கல்வி தேவைப்படும் பதவிதான் என்று தனியாக நிறுவ வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர், அவருக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனுவின் ஒப்புதல் தேதியைப் பார்க்க வேண்டும். ஒப்புதலாகி 180 நாள் கடந்திருந்தால், பழைய நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் வரிசைத் தேதியும் எச்-1பி நீட்டிப்புக்கான வழியும் கையில் இருக்கும். 150-ஆவது நாளில் நல்ல வேலை ஒன்று வந்தால், சேரும் தேதியை ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிக் கேட்பதில் தவறே இல்லை. இத்துறை ஆளுக்காகக் காத்திருக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் அதற்கு ஒப்புக்கொள்ளும்.